குறட்டைக்குக் காவலிருந்த கை

பகலில் படுத்து இரவில் நடக்கும் எங்கள் சிறு வேவுப் பிரிவின் மூத்தவரே! புல்லோடு புல்லாய்க் கிடந்தும் பொறுமை இழக்காத பெருந்தகையே! உங்கள் தூக்கத்தில் பாதியைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி மூச்சுவிடாத எங்கள் அண்ணனே!

உங்களுக்கு விடைகொடுக்கும் இந்த நாளில், எங்களைப் படாதபாடு படுத்திய ஒரு சின்னச் சிக்கலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அண்ணன் போய்விட்டால் நம் ரயில் தம்பியின் குறட்டையை யார் நிறுத்துவது?

வந்திருக்கும் குடும்பத்தாருக்காகச் சற்று விளக்குகிறோம். எங்கள் வேலை சண்டை போடுவதல்ல, பார்ப்பது. எதிரி போகும் பாதைக்கு எதிரே குழி வெட்டி, மேலே வலையும் தழையும் போட்டு, பகல் முழுக்க உள்ளே கிடக்க வேண்டும். குழிக்கு மூவர். ஒருவர் பார்க்க, இருவர் தூங்கலாம். பார்ப்பவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தேடி வருகிறவர்கள் சில சமயம் தலைக்கு மேலேயே நின்று கதை பேசுவார்கள். அப்போது உள்ளிருந்து குறட்டை கேட்டால் எல்லாம் முடிந்தது.

ரயில் என்று நாங்கள் கூப்பிடும் தம்பிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது பாசறையில் பக்கத்து அறையில் படுத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் உங்களோடு ஒரே குழியில் கிடந்த ஆண்டுகளில் அவன் ஒருமுறைகூடச் சத்தம் போட்டதில்லை. வேலை என்று வந்தால் தொண்டை தானாக அடங்கிவிடும் என்று அவன் நம்பினான், பெருமையும் அடித்துக்கொண்டான்.

ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் நீங்கள் போனதும் நடந்த பயிற்சியில், முதல் பகலிலேயே அவன் குழி பிடிபட்டது. எதிரியாக நடித்துத் தேடி வந்தவர் வலையைத் தூக்கிப் பார்த்து, "என்னப்பா, உள்ள மாவு மில்லு ஓடுதா?" என்று கேட்டார். எங்கள் மேஜர் அதிகம் பேசவில்லை. "அடுத்த பயிற்சியிலயும் சத்தம் வந்தா, தம்பி ஸ்டோருக்குப் போயிடட்டும்."

டயர் அமுங்குவதைப் பார்த்தே லாரியில் இருக்கும் பாரத்தைச் சொல்லிவிடும் கண் அவனுக்கு. அந்தக் கண் இனி கிடங்கில் சட்டை எண்ணுவதா? ரயில் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. "அண்ணன்கூட இருந்தப்ப வராதது, இப்ப மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதே குழியின் மூன்றாவது ஆளான ரேடியோக்காரர் முழங்கையால் இடித்துப் பார்த்தார். ரயில் "யாரு!" என்று அலறிக்கொண்டு எழுந்தான். அதற்குக் குறட்டையே தேவலை. அவன் மனைவியைக் கேட்டோம்.

"நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்கிடுவேண்ணே."

"எதிரி காதுல யாரும்மா பஞ்சு வெக்கிறது?"

கடைசியில் ரயில் உங்களுக்கே போன் செய்தான். நாங்கள் சுற்றி நின்று கேட்டோம். அதற்கு மன்னிக்க வேண்டும்.

"அது ஒண்ணுமில்லடா. மல்லாந்து படுத்தாதான் உனக்கு வரும். தோள்ல ரெண்டு விரல் வெச்சு மெதுவா தள்ளுவேன், ஒருக்களிச்சுக்குவே. எழுப்பக் கூடாது, அவ்வளவுதான்."

"திரும்பவும் மல்லாந்துட்டா?"

"திரும்பவும் தள்ளுவேன்."

"நீங்க பார்க்கிற முறை வந்தா?"

"கால் எதுக்கு இருக்கு?"

"அப்ப நீங்க எப்பண்ணே தூங்குனீங்க?"

"நீ பார்க்கிறப்பதான். நீ முழிச்சிருந்தா எனக்கென்னடா பயம்? சரி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

போனை வைத்துவிட்டு ரயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். அந்த அறையில் எல்லார் கண்ணிலும் விழுந்திருந்தது. ரேடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே!"

அண்ணனே! பாதை தவறியபோது பதறாதவர் என்றும், கடைசி வாய்த் தண்ணீரைக் கைமாற்றிவிட்டுத் தாகமில்லை என்று சாதித்தவர் என்றும் உங்களைப் புகழ எங்களுக்கு நிறைய இருக்கிறது. ஆனால் யாரும் பார்க்காத அந்த இரண்டு விரலுக்கு ஈடாக எதைச் சொல்வது?

போன வாரப் பயிற்சியில் தேடுகிறவர்கள் எங்கள் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். கீழே ரயில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மேஜர், "ஸ்டோருக்கு வேற ஆளைப் பாருங்க," என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, அண்ணியோடு நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள்! சன்னலைத் திறந்துபோட்டு, எவருக்கும் அஞ்சாமல், ஊரே கேட்கக் குறட்டை விட்டுத் தூங்குங்கள்! தம்பியைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் சொன்னதை மருத்துவ உதவியாளர் விளக்கினார்: மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியைக் குறுக்கும், ஒருக்களித்தால் சரியாது. முதலில் முதுகில் ஒரு பந்தைக் கட்டினோம், வலித்து முனகினான். இப்போது அவன் உள்சட்டையின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, அவன் மனைவி ஒரு பை தைத்திருக்கிறாள். தூங்கும்போது அதில் ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி வைக்கிறோம். மல்லாக்கப் புரண்டால் அது உறுத்தும், விழிக்காமலே திரும்பிக்கொள்கிறான்.

என்றும் உங்களோடு கிடந்த,
வேவுப் பிரிவுத் தம்பிகள்