வெள்ளைக் கொடி தூக்கியவர்

— கெட்ட வார்த்தை பதினாலு. வெள்ளிக்கிழமை பன்றிக்கறி ஒரு தட்டு. மாமியாரை மனசுக்குள்ள சபிச்சது தினமும். இவ்வளவுதானே மகனே? இதுக்கா கில்பிரான்லேர்ந்து பதினெட்டு மைல் சைக்கிள் மிதிச்சு வந்தீங்க?

— பெருசு ஒண்ணு இருக்கு சாமி. எங்க ஊர்க் கோவில் பாவசங்கீர்த்தனத்துல அதைச் சொல்ல முடியாது.

— ஏன்?

— எங்க பங்குச் சாமி கேனன்தான் ஃபுட்பால் கிளப்புக்கும் தலைவர், பாத்துக்கங்க.

— சரி. ஆண்டவர் கேட்டுட்டு இருக்கார். மனசைத் திறந்து சொல்லுங்க.

— போன ஞாயிறு அரையிறுதி. எங்களுக்கும் நாக்மோய்க்கும். நான் கம்பத்துக்கிட்ட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு நின்ன அம்பயர். கடைசி நிமிஷம், ரெண்டு பக்கமும் சமம். எங்க ஆள் அடிச்ச பந்து கம்பத்துக்கு வெளியே போச்சு சாமி. ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல, கட்டைக்கு மேல போச்சுன்னு நான் பாயின்ட்டுக்கான வெள்ளைக் கொடியைத் தூக்கிட்டேன். அந்த ஒரு பாயின்ட்லதான் ஜெயிச்சோம்.

— வெளியேவா?

— வெளியேதான்.

— எவ்வளவு வெளியே?

— ரெண்டு முழம் இருக்கும்.

— ரெண்டு முழமா?

— பாவத்துக்கு அளவு உண்டா சாமி? ஒரு முழம்னா சின்னப் பாவமா?

— இல்ல இல்ல, சும்மா கேட்டேன். அந்தப் பக்க அம்பயர்னு ஒருத்தர் இருந்திருப்பாரே. அவர் பாக்கலையா?

— ஹூபர்ட் டொலன். பைப்பைப் பத்த வைக்கக் குனிஞ்சிட்டான். அவன் நிமிர்றதுக்குள்ள எங்க சனம் மைதானத்துக்குள்ள இறங்கிடுச்சு. முப்பத்தோரு வருஷமாக் காத்துக் கிடக்கோம் சாமி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூணுல வாங்கின கோப்பைதான் கடைசி. எங்க கவுண்டியில ஒரு ஆட்டம் தோத்தா அந்த வருஷம் முடிஞ்சது, மறுநாள் புல் அறுக்கப் போக வேண்டியதுதான். நாளைக்கு மறுநாள் இறுதி ஆட்டம். இந்தப் பாவத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படிப் போய் நிக்கிறது?

— மகனே, மனுஷக் கண்ணு தப்புப் பண்ணும். வெளியேன்னு உங்களுக்குத் தோணினது, உண்மையில உள்ளேயே போயிருக்கலாம்.

— இல்ல சாமி. அடிச்ச ஆளைப் பாத்திருந்தா நீங்க இப்படிச் சொல்ல மாட்டீங்க.

— யாரு அடிச்சது?

— ஓவன் டூலின்னு ஒருத்தர். எங்க முன்வரிசை ஆட்டக்காரன் பாட்ஸிக்குத் தோள் எலும்பு முறிஞ்சுபோச்சு, அதனால கேனன் எங்கேர்ந்தோ அவரைக் கார்ல கூட்டிட்டு வந்தார். தன் அக்கா பையனாம், டப்ளினாம். தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு ஆடினார். விசில் ஊதினதும் ஒரு வாய் டீ கூடக் குடிக்காம கார்ல ஏறிப் போயிட்டார். முகத்தை ஒருத்தரும் சரியாப் பாக்கலை.

— நல்லா ஆடினாராமே. அதாவது, ஊர்ல பேசிக்கிட்டாங்க.

— நல்லாவா? இடது கால்ல உதைக்கிறது ஆடு வேலி தாண்டுற மாதிரி இருந்துச்சு.

— ஆடா?

— கிழட்டு ஆடு.

— மகனே, பிறரைப் பழிக்கிறதும் பாவம். அந்த ஆள் மத்த மூணு பாயின்ட்டும் இடது கால்லதானே எடுத்தார்?

— மூணுன்னு நான் சொல்லலையே சாமி.

— பேப்பர்ல இருந்துச்சு.

— நம்ம ஊர்ப் பேப்பர் நாளைக்குத்தானே வரும்.

— யாரோ சொன்னாங்க. அதை விடுங்க. உங்க கண்ணுல வெயில் நேரா அடிச்சிருக்கும். ஆத்துப் பக்கக் கம்பத்துல நின்னா அந்த நேரத்துல யாருக்கும் பந்து தெரியாது.

— நான் எந்தக் கம்பம்னு இன்னும் சொல்லலை.

— ரெண்டு கம்பம்தானே இருக்கு. ஊகந்தான்.

— எப்படியோ சாமி, என் மனசு உறுத்துது. திங்கக்கிழமை, ஆட்டத்தை நடத்துற கவுண்டி வாரியத்துக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.

— எதுக்கு?

— பரிகாரம் பண்ண வேண்டாமா? அவங்க விசாரணை வைப்பாங்க. டூலியை வரச் சொல்லுவாங்க. டப்ளின்ல அப்படி ஒரு அக்கா பையன் இருக்காரான்னு தேடுவாங்க. பிஷப் காதுக்குக் கூடப் போகும்.

— பிஷப் எதுக்கு இதுல?

— யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்காங்க சாமி. கேனன் வெளியாளை இறக்கினார்னு. புதன்கிழமையே பிஷப் அவரை ரெண்டு வாரம் மௌன தியானத்துக்கு அனுப்பிட்டார். வாயைத் திறக்கக் கூடாது, எழுதக் கூடாது, யாரையும் பாக்கக் கூடாது. நாங்க மடத்து வாசல் வரைக்கும் போனோம். மாடி ஜன்னல்லேர்ந்து ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார், அவ்வளவுதான். டூலி எங்கே இருக்கார்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை முன்வரிசையில நிறுத்த ஆள் இல்லாம மாவு அரைக்கிற டெக்லனை நிறுத்தப் போறோம். அவனால குனிஞ்சு ஷூ கயிறு கட்ட முடியாது.

— டெக்லனையா? ஐயோ, அவன் உடம்பை வெச்சுக்கிட்டா? தோத்துடுவீங்களே.

— டெக்லனைத் தெரியுமா சாமி?

— பேரைக் கேட்டாலே தெரியுதே. இங்க பாருங்க, வாரியத்துக்கெல்லாம் போக வேண்டாம். மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. நான் பாவமன்னிப்புத் தர்றேன்.

— ரெண்டு முழப் பொய்க்கு மூணு ஜெபம் போதுமா?

— ரெண்டு முழம் ரெண்டு முழம்னு சொல்லாதீங்க.

— சரி, மூணு முழம். உங்ககிட்ட மறைப்பானேன்.

— மூணா?

— அந்தப் பந்து கம்பத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கசிடி வீட்டுக் கோழிக் கூண்டுல விழுந்துச்சு சாமி. குருடன்கூட வெளியேன்னு சொல்லுவான். அந்த டூலிக்கு எந்தப் பக்கம் கம்பம் இருக்குன்னே தெரியாது.

— யோவ், வாயை மூடும். நாப்பது கஜத்துலேர்ந்து, எதிர்க்காத்துல, ஒரு தடியன் முதுகுல தொங்கிட்டு இருக்கும்போது அடிச்ச பந்துய்யா அது.

— மெதுவா சாமி. வெளியே மூணு பொம்பளைங்க வரிசையில இருக்காங்க.

— இருக்கட்டும். கம்பத்துக்கு நடுவுல, குறுக்குக் கட்டைக்கு மேல, சுத்தமாப் போச்சு. எனக்குத் தெரியும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அடிச்சவன் நான்தான்யா. கால்லேர்ந்து கிளம்பும்போதே தெரிஞ்சுது.

— அப்பாடா.

— என்ன அப்பாடா?

— நாக்மோய்க்காரன் உங்க விலாவுல முழங்கையால இடிச்சான், ஞாபகம் இருக்கா? வலியில துடிச்சீங்க, ஆனா ஒரு கெட்ட வார்த்தை வரலை. நான் பத்தடியில நின்னேன். அப்படி ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் இந்த நாட்டுலயே கிடையாது. சாமியாராத்தான் இருக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். எந்தக் கோவில் சாமியார்னுதான் தெரியலை.

— இரும். அப்போ நீர் சொன்ன ரெண்டு முழம்? கோழிக் கூண்டு?

— அதுக்குத்தான் இப்போ மன்னிப்புக் கேக்கறேன் சாமி. பந்து நட்ட நடுவுலதான் போச்சு, டொலனே தலையாட்டினான். வியாழக்கிழமையிலேர்ந்து ஏழு கோவில்ல இந்தப் பொய்யைச் சொல்லிட்டேன். மத்த ஆறு பேர்ல ரெண்டு பேர் வாரியத்துக்குப் போகச் சொன்னாங்க, ஒருத்தர் தூங்கிட்டார், மூணு பேர் ஜெபம் சொல்லச் சொன்னாங்க. பந்து உள்ளேதான் போச்சுன்னு சண்டைக்கு வந்தவர் நீங்க ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ஆட்டம், டூலி.