கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பள்ளியைக் காத்த ஞானகுமாரி அம்மையாருக்கு

மண்ணூர்பேட்டை மழலையரின் மாண்புமிகு காவலரே! கோடை விடுமுறை என்ற சொல்லையே எங்கள் நாட்காட்டியிலிருந்து கிழித்தெறிந்த அன்புக் கொடுங்கோலரே! தலைமையாசிரியர் ஞானகுமாரி அம்மையாரே! வணக்கம் பல!

மே மாதம் ஊரெல்லாம் ஊட்டிக்குப் போகும்; நாங்கள் உங்கள் பின்னால் பள்ளிக்கு வருவோம். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் எங்களை உட்காரவைத்து, "போர்டு தெரியுதா?" என்பீர்கள். முழங்கால் மோவாயில் இடிக்க, கணக்காசிரியர் ஜெகதீஷ் "தெரியுது மேடம்" என்பார். "குழந்தை உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க சார்!" குனிந்தால், ஜன்னல் வெயிலில் பாதிப் பலகை கண்ணைக் கூசவைக்கும். அன்றே பலகை இடம் மாறும். பாடத்தைத் தயார் செய்வதற்கு முன் பிள்ளையின் இடத்தைத் தயார் செய் என்பதே உங்கள் சட்டம்.

அந்தச் சட்டமே இப்பள்ளியைக் காத்தது. பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்றிருந்த அந்தக் கோடையில் வீடு வீடாகப் போனோம். இதோ முன்வரிசையில் வீற்றிருக்கும் வேம்புலியம்மாள் அன்று வாசலிலேயே மடக்கினார்: "இன்னா டீச்சர், மூடப்போற ஸ்கூல்ல எம்பொண்ண சேத்துட்டு நா இன்னா பண்றது?"

நீங்கள் வாதாடவில்லை. "அவ உட்காரப்போற எடத்துல நீங்க ஒரு தடவ உட்கார்ந்து பாருங்க" என்றீர்கள். வந்தார், உட்கார்ந்தார், பலகையைப் பார்த்தார். மறுநாள் தெருவையே திரட்டிக்கொண்டு வந்தார்! பள்ளி பிழைத்தது. இன்று ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு பிரிவுகள்!

ஆயினும் அம்மையீர், நீங்கள் இன்று விடைபெறுகிறீர்கள். பள்ளியோ அடுத்த வாரம் திறக்கிறது. நீங்கள் வாசலில் நில்லாத திறப்பு நாளை நினைத்து நடுங்கினோம். அதனால் இம்முறை உங்களைக் கேட்காமல் நாங்களே எல்லாம் தயார் செய்தோம். இன்று காலை நீங்கள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து பார்த்தபோது, விடைத்தாள் வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல் கதவோரம் நின்றோம். கடைசி பெஞ்சில் வெகுநேரம் இருந்தீர்கள்.

"மாத்த ஒன்னுமில்ல. பூட்டுங்க, டீ குடிக்கலாம்."

இதற்கு மேல் எங்களுக்கு ஒரு விருது உண்டா! ஜெகதீஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். என்னை அவர் பார்க்காதது நல்லது.

திருநின்றவூர் வீட்டில் இனி வரும் மே மாதமெல்லாம் மதியம்வரை உறங்குக! மூட்டுவலி அண்டாமல் நூறாண்டு வாழ்க! திறப்பு நாளன்று மட்டும் வந்துவிடுங்கள், அம்மா. உட்கார இடம் தரமாட்டோம். கடைசி பெஞ்சுவரை பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள்!

அன்பும் அச்சமும் என்றும் குறையாத
ஆசிரியர்கள், அலுவலர்கள்

எழுதி வாசித்தவர்: தமிழாசிரியர் சுப்பராயன்