வாளை இறக்கி வைக்கும் பெரியண்ணனுக்கு வீட்டார் வாசித்தளிக்கும் மடல்

வேற்று விண்மீனில் பிறந்து, விதிவசத்தால் எங்கள் வீடு வந்து சேர்ந்த வீரரே! களம் பல கண்டும் கர்வம் கொள்ளாத காவலரே! நாற்கரத்தோடு வந்து, முக்கரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதல்வரே! நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, அந்த நிலைப்படியிடமே மன்னிப்புக் கேட்கும் மாண்பினரே! எங்கள் பெரியண்ணனே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு சலவைக்காரியான என் தலையில் விழுந்தது. சமையல்காரர் எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுகிறார். ஓட்டுநர் எழுதினால் அவராலேயே திரும்பப் படிக்க முடிவதில்லை. ஆகவே சொற்கள் என்னுடையவை, நெஞ்சம் எங்கள் எல்லோருடையது.

இவ்வீட்டின் முறை தாங்கள் அறியாததன்று. ஆயினும் மடல் என்றால் எல்லாவற்றையும் முறையாகச் சொல்லியாக வேண்டும். இங்கே வேலையிலிருந்து நின்றவர் எவரும் வெளியே நடந்து போனதில்லை. முதலாளியின் கடத்தலும் கொலையும் அறிந்தவர், அவற்றோடு மண்ணுக்குள் போவதே வழக்கம். அந்த வழக்கத்தை நிறைவேற்றிய கை தங்களுடையது. இன்று தாங்களே ஓய்வு பெறுவதால், எங்களில் ஒருவர் அதைச் செய்ய வேண்டும் என்றும், மடல் வாசித்து முடிந்ததும் ஆள் யார் என்று சொல்ல வேண்டும் என்றும் முதலாளி கட்டளையிட்டிருக்கிறார். அதோ, கூடத்தின் நடுவே நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எனவே எங்கள் அண்ணனின் அருமை பெருமைகளை அவசரமின்றி, ஆற அமரச் சொல்ல விரும்புகிறோம்.

சண்டைப் பந்தயக் களத்திலிருந்து தங்களைக் கூண்டோடு லாரியில் ஏற்றிவந்த நாளில் எங்களில் ஒருவருக்கும் தலை நரைத்திருக்கவில்லை. கூண்டைத் திறந்ததும் தாங்கள் கர்ஜித்த கர்ஜனையில் மூலைக்கு ஒருவராக ஓடி ஒளிந்தோம். தாங்கள் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டீர்கள் என்பது எங்கள் மொழியைத் தாங்கள் கற்றுக்கொண்ட பிறகே தெரிந்தது. அதுவரை தாகத்தோடு காத்திருந்த பொறுமையை என்னவென்று புகழ்வது! களத்தில் தோல்வியே காணாத தாங்கள், எங்களோடு சீட்டாடி வென்ற நாள் ஒன்றுகூட இல்லை. நல்ல சீட்டு விழுந்தால் தங்கள் காது நீலமாகிவிடும் என்பதை நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை. அதற்காக இன்று மன்னிக்க வேண்டுகிறோம்.

தாங்கள் செய்த தொழில் நல்ல தொழில் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் தெறித்த தங்கள் சட்டைகளைத் துவைத்தவள் நான். சோறு போட்டவர், வண்டி ஓட்டியவர், கதவு திறந்துவிட்டவர் யாரும் இங்கே யோக்கியர் இல்லை. ஆனால் வாளுக்கு இரையாகக் கீழ்த்தளத்து அறைக்கு வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டவர் தாங்கள் ஒருவரே. கேட்டதோடு நிற்காமல், விடுமுறை நாளில் அவர் வீட்டைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டும் வருவீர்கள். ஒருவர், "கூரை ஒழுகுது, ஓடு மாத்தச் சொல்லுங்க அம்மாகிட்ட" என்றார். தாங்கள் போய், ஏணி இல்லாமலே எட்டி, ஓடுகளையும் மாற்றிக் கொடுத்தீர்கள். "யாருப்பா நீ?" என்று அந்தத் தாய் கேட்டாராம். திரும்பி வந்த தாங்கள் வெகுநாள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. அந்த நாட்களில் எங்களுக்கும் சோறு இறங்கவில்லை, அண்ணா.

தங்கள் நான்காம் கையின் கதையையும் சபையறியச் சொல்ல வேண்டும். ஒரு காலையில் பக்கவாட்டுக் கதவு வழியே இருவர் வந்தனர். ஒருவர், வேலைக்குச் சேர வந்த நம் சமையல்காரர். மற்றவர், முதலாளியின் சரக்கில் கைவைத்துவிட்டு, 'சும்மா பேசத்தான்' என்று வரவழைக்கப்பட்டவர். வாயிற்காவலர் ஆளை மாற்றி அனுப்பிவிட்டார். கீழ்த்தளத்தில் தாங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "எத்தனை பேருக்குச் சமைக்கணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றாராம் நம்மவர். ஓங்கிய வாள் வெட்டாமல் தாழ்ந்தது. அவரை மேலே அழைத்து வருவதற்குள், சமையலறையில் ஒரு கூடை வெங்காயம் உரித்திருந்த மற்றவர் விஷயம் புரிந்து கம்பி நீட்டிவிட்டார். முதலாளிக்கு ஒரு தலை வேண்டும். ஆளை மாற்றிய வாயிற்காவலரின் தலைதான் போகவிருந்தது. "நான்தான் தப்ப விட்டேன்" என்று தாங்கள் முன்னே வந்தீர்கள். தலைக்குப் பதில் கை என்றானது. அதை வெட்டத் தெரிந்த வேறு ஆள் இந்த வீட்டில் இல்லாததால், தாங்களே வெட்டிக்கொண்டீர்கள். பிறகு என்னிடம் வந்து, "சட்டையில ஒரு கையை மடிச்சுத் தெச்சிடும்மா, உனக்கும் இஸ்திரி வேலை குறையும்" என்றீர்கள். அந்தத் தையலை நான் எப்படிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அப்படிப்பட்ட தாங்கள் நேற்று சமையலறைக்கு வந்து, "யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லிடுங்க. என்னால நீங்க மாட்டிக்காதீங்க. உங்களுக்கு எட்டாது, நான் உட்கார்ந்துக்கறேன்" என்றீர்கள். வாளுக்குச் சாணை பிடித்து, எங்கள் சின்னக் கைகளுக்குப் பிடிமானமாகக் கைப்பிடியில் துணியும் சுற்றி வைத்திருந்தீர்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தாங்கள் போன பிறகுதான் பார்த்துக்கொண்டோம், பேசிக்கொண்டோம், முடிவு செய்தோம்.

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களே! ஆள் யார் என்று கேட்டிருந்தீர்கள். ஆள் இல்லை. எங்களில் ஒருவரும் இல்லை. கீழ்ப்படியாத குற்றத்துக்கு எங்கள் அத்தனை பேரையும் கீழ்த்தளத்துக்கு அனுப்பலாம், அதற்குத் தங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வேலை தெரிந்தவர் இன்றோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

எங்கள் அன்பிற்கினிய பெரியண்ணனே! தங்கள் இனத்தார் எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்று நாங்கள் அறியோம். எத்தனை என்றாலும் அதைவிடக் கூடுதலாக, நோயின்றி, நொடியின்றி, கீழ்த்தளத்துக்குக் கூப்பிட யாருமின்றி, நன்றாகத் தூங்கி வாழ்வீராக! உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அண்ணா. இதைச் சொல்ல இவ்வளவு நாளானது. இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடவில்லை, ஓடும்போது இடைஞ்சலாக இருக்கும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். வாசல் திறந்திருக்கிறது. வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது. எங்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இங்ஙனம்,
மாட்டோம் என்று சொன்ன
சமையல்காரர்,
ஓட்டுநர்,
வாயிற்காவலர்,
தோட்டக்காரர்,
சலவைக்காரி,
மற்றும், இதை வாசிக்கும்போது நாற்காலியின் பின்னால் நிற்கும் முதலாளியின் மெய்க்காப்பாளர்கள் இருவர்.