சர்டிஃபிகேட் எங்க போச்சு சார்?

...அதெல்லாம் முடியாது சார், ஹோல்டுல போட்டீங்கன்னா மறுபடியும் அந்த மியூசிக்கைக் கேக்கணும், என்னால ஆகாது. நீங்க பேச வேணாம், கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. உங்க ஹோஸ்டிங் கம்பெனியை நம்பித்தான் எங்க அண்ணியோட கேக் கடை வெப்சைட்டே ஓடுது. காலையில திறந்தா, "இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை"ன்னு செக்கச்செவேல்னு எச்சரிக்கை! ஆர்டர் குடுக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? கேக்குல விஷம்னுதானே?

சைட்டு பாதுகாப்பானதுன்னு காட்டற சர்டிஃபிகேட் காலாவதியாம்! எப்படி சார் ஆகும்? நானே ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன். தேதி நெருங்கினா அதுவே போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடும். இதைச் சொல்லி வீட்ல நான் அலட்டின அலட்டல் இருக்கே... எங்க அண்ணனே "போதும்மா, காது வலிக்குது"ன்னுட்டார். இப்ப என்னடான்னா அண்ணி, "பரவால்லம்மா, சைட்டை இனிமே என் தம்பி பாத்துக்கட்டும்"ங்கறாங்க. தம்பி! பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கத் தெரியாது சார் அவனுக்கு! எனக்கு அழுகையே வந்துடுச்சு. பெத்த பிள்ளையாட்டம் வளத்த சைட்டு சார் அது.

என்னது, ஃபோல்டர்ல பாக்கணுமா? அவசியமே இல்லை... சரி, உங்க திருப்திக்கு. அட! புது சர்டிஃபிகேட் இருக்கு! போன வாரமே வந்து சமத்தா உக்காந்திருக்கு! என் ஸ்கிரிப்ட் தங்கம் சார். உங்க சர்வர்தான் பழசையே கட்டிக்கிட்டு அழுவுது.

ரீஸ்டார்ட்டா? புதுசை எடுத்துக்க சர்வரை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணணும், அது தெரியாதா எனக்கு? அதான் ஸ்கிரிப்ட்ல கடைசி வரி. படிக்கறேன், கேளுங்க... அது வந்து...

சார், வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் குறி இருக்கு. அது இருந்தா அந்த வரி ஓடாது. எவன் போட்டான்?... நான்தான் சார். டெஸ்ட் பண்றப்ப ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் ஆகி சைட்டு கொஞ்ச நேரம் படுத்துச்சா, அண்ணி கத்தினாங்களா, அப்புறமா எடுத்துக்கலாம்னு...

எடுத்தாச்சு, எடுத்தாச்சு. ரீஸ்டார்ட்... வந்துடுச்சு! சிவப்பு போயிடுச்சு! அண்ணீ! இங்க ஓடி வாங்க! யார் தப்பா? அது... அந்த ஹோஸ்டிங் சார் ரொம்ப நல்லவர் அண்ணி, மன்னிப்பே கேட்டுட்டார். சார், அண்ணிகிட்ட ஒரே ஒரு "ஆமா" மட்டும் சொல்லிடுங்க, பெரிய கேக்கா அனுப்பறேன்... ஏன் சார் சிரிக்கறீங்க? அண்ணி, நீங்க ஏன் சிரிக்கறீங்க?

ஐயய்யோ, ஃபோன் ஸ்பீக்கர்லயா இருந்துச்சு? அவர் சொன்னதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா? எப்பலேருந்து?... தம்பியும் வெளிய நின்னு கேட்டானா?

சரி அண்ணி. நீங்க சொன்ன மாதிரியே சைட்டு என்கிட்டயே இருக்கட்டும். பிரிண்டருக்குப் பேப்பர் வைக்க அவனுக்கு நானே சொல்லிக் குடுத்துடறேன்.