இரண்டாயிரத்து நூற்று நாற்பதாவது வரி

மதியம் ஒன்றரை மணி. ராத்திரி இல்லை... நல்ல வெயில். காரமடைக்கு மேற்கே, பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு ஒற்றை ரோடு. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. அந்த ரோட்டில் தனியாக ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள் ஜெயக்கொடி. நம் பக்கத்து வீட்டு டீனாவின் ஒன்றுவிட்ட பெரியம்மாதான். டீனாவைக் கேட்டால் சொல்ல மாட்டாள். கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், இது சத்தமாகச் சொல்கிற விஷயம் இல்லை.

ஜெயக்கொடிக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்தவள். அம்மா போய் மூன்று மாதம். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அழுதார்கள், அவளுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. குடிக்கிற டீயில் சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாது. ஒரு நாள் தோசைக்கல்லில் கை பட்டிருக்கிறது... தோல் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. திறந்தால் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகள். எல்லாம் இங்கிலாந்தில் அச்சானவை, எண்பத்தைந்து, எண்பத்தாறாம் வருடத்தவை. அவளுடைய அண்ணன் ஞானாபரணத்தின் சொத்து. அப்பா குவைத்தில் எலக்ட்ரீஷியன். ஒரு லீவில் டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கான பத்திரிகைகளை அங்கிருந்தே வாங்கிப் பார்சலில் அனுப்புவார்.

அந்தக் காலத்தில் கேம் வேண்டுமென்றால் பத்திரிகையைப் பார்த்து நாமே அடிக்க வேண்டும். பக்கம் பக்கமாக வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர், அதற்குப் பின்னால் வெறும் எண்களாக ஓடும். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். அண்ணன் அடிப்பான். வரி முடிந்ததும் "ம்" என்பான். அவள் அடுத்த வரிக்குப் போவாள்.

அந்தப் பத்திரிகைகளை விற்க டீனா நெட்டில் விளம்பரம் போட்டாள். பீளமேட்டிலிருந்து ஆதர்ஷ் என்று ஒருவன் வந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை. பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து ஓட்டிப் பார்ப்பதில் பைத்தியம். ஞானாபரணம் வைத்திருந்த அதே மாடல் அவனிடமும் ஒன்று இருந்தது.

"காசெல்லாம் வேண்டாங்க தம்பி. எடுத்துட்டுப் போங்க," என்றாள் ஜெயக்கொடி. பெட்டி போனது. அதிலும் ஒன்றும் தோன்றவில்லை அவளுக்கு.

ஒன்பதாம் நாள் போன் வந்தது.

"ஏனுங்கம்மா... தப்பா நெனைக்காதீங்க. அந்தப் புத்தகத்தை யாராச்சும் சத்தமாப் படிப்பாங்களா உங்க ஊட்ல?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல டைப் பண்ண உக்காந்தா... பின்னாடி ஒரு பொண்ணு படிக்குதுங்க. சின்னப் பொண்ணு. சளி புடிச்ச மூக்கு. நம்பரா சொல்லிட்டே போகுது. திரும்பிப் பாத்தா யாருமில்லீங்க."

"ம்."

"அது ஒரு வரியத் தாண்டிப் போகுதுங்க. சரின்னு அந்த வரிய நானே பாத்து அடிச்சேன். அடிச்சதையெல்லாம் திரையில லிஸ்ட் போட்டுப் பாத்தா அது இருக்கறதில்லீங்க. நாலு தடவை அடிச்சுட்டேன். மத்த வரியெல்லாம் இருக்குது, அது மட்டும்..."

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது," என்றாள் ஜெயக்கொடி.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை வாரேனுங்க," என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைதான் இது. ஒற்றை ரோடு மேட்டுப்பாளையம் மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். இப்போது அங்கே ஒரு மொபைல் கடை. எண்பத்தாறில் ஒரு புளியமரம் மட்டும்தான்.

அந்த வருடம் காரமடைத் தேர் சமயம். தேர்க்கடைகளில் கண்ணாடி வளையல் வந்திருக்கிறது என்று வகுப்புப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது, மூக்கில் சளி, அண்ணனோ மூன்று நாளாக ஒரே கேமை அடித்துக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு வரியைத் தாண்டிப் படித்தாள். தெரிந்தே செய்தாள். அவன் "ம்" என்றான். கேம் ஓடவில்லை.

அவன் நாள் முழுக்கத் திரையையே பார்த்தான். தங்கை மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. "புத்தகத்துல தப்பா அச்சடிச்சுட்டாங்க. அடுத்த மாசப் புத்தகத்துல திருத்தம் போடுவாங்க, பாரு," என்றான். பார்சல் வந்துவிட்டதா என்று போஸ்ட் ஆபீஸில் கேட்டு வர மறுநாள் மதியம் இரண்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தான். மெயின் ரோட்டில் ஏறும்போது லாரி.

பார்சல் நான்கு நாள் கழித்து வந்தது. வீடு நிறைய ஜனம் இருக்கும்போதே அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். அந்த கேமுக்குத் திருத்தம் எதுவும் போடவில்லை. இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஆதர்ஷின் அறை பழைய மில் காம்பவுண்டை ஒட்டிய மாடியில். கதவைத் திறந்தவன் முகம் நான்கு நாள் தூங்காதவன் முகம். மேசை மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் குட்டி டிவி. பின்னால் ஒரு ஸ்டூல். "இதை நான் போடலீங்க," என்றான்.

ஜெயக்கொடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்திரிகையை மடியில் விரித்தாள். பழைய காகித வாசனை. அதற்கு மேலே இன்னொரு வாசனை... சைக்கிள் செயினில் போடுகிற கிரீஸ்.

"அடிங்க தம்பி."

முன்பே அடித்து வைத்ததை விட்டுவிட்டு, இரண்டாயிரமாவது வரியிலிருந்து அவன் அடிக்க ஆரம்பித்தான். பத்து வரி போயிருக்கும். அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் குரல் வந்தது. மூக்கடைத்த குரல். "நூத்தி அறுவத்தொம்போது... பூஜ்ஜியம்... நூத்தி நாப்பத்தொண்ணு..." அவளுக்கு அது உடனே தெரிந்துபோனது. உயிரோடு உட்கார்ந்திருக்கிற அவளுடைய குரல்தான் அது. பதின்மூன்று வயதுக் குரல்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல இருந்தன.

குரல் இரண்டாயிரத்து நூற்று முப்பதைப் படித்து முடித்தது. மூச்சை இழுத்தது. அடுத்து இரண்டாயிரத்து நூற்று ஐம்பதுக்குப் போகப் போகிறது...

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது," என்று ஜெயக்கொடி சத்தமாகச் சொன்னாள். சின்னக் குரல் நின்றது. அவள் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "நாந்தாண்ணா உட்டுப்போட்டேன். வேணும்னேதான். வளையல் வாங்கப் போகோணும்னு," என்றாள்.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தம்.

பிறகு கீகள் இறங்க ஆரம்பித்தன. ஆதர்ஷின் இரண்டு கைகளும் அவன் மடியில் இருந்தன. அவன் மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போனான். கீகள் நிற்கவில்லை, வேகமாக, பழகிய விரல் அடிக்கிற மாதிரி. வரியின் கடைசிக் கீ இறங்கியது.

"ம்," என்றது ஒரு குரல்.

மீதிப் பதினொரு வரியையும் அவளே படித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ம்". முடிந்ததும் திரை ஒரு முறை கறுத்துத் தெளிந்தது. இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, வலப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு பந்து. இரண்டு பேர் ஆடுகிற கேம். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

இடப்பக்கக் கோடு நகர்ந்தது.

ஜெயக்கொடி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு, வலப்பக்கக் கீயில் விரலை வைத்தாள். ஆதர்ஷ் பார்த்துக்கொண்டே இருந்தான். பந்து போனது, வந்தது. ஒரு மணி நேரம் இருக்கும். அவள் முகத்தில் சந்தோஷமோ துக்கமோ எதுவும் இல்லை என்று அவன் பிறகு டீனாவிடம் சொல்லியிருக்கிறான்.

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. திரை அணைந்தது. ஆதர்ஷ், "போதுங்கம்மா, எந்திரிங்க," என்றான். அவன் ஏற்கெனவே வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தான்.

அணைந்த கம்ப்யூட்டரில் இடப்பக்கக் கீ இறங்கியது... டிக். ஏறியது. மறுபடியும்... டிக்.

"இருங்க தம்பி," என்றாள் ஜெயக்கொடி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இப்பத்தான் நான் முந்தியிருக்கறன்."