அரை ஆம்பியர்

எனக்குப் பெருக்கல் நன்றாக வரும், வகுத்தல்தான் கொஞ்சம் தகராறு. ஆனால் எங்கள் கம்பெனியில் இரண்டும் வேண்டும். படுக்கையில் விரித்துக்கொள்கிற ஹீட்டிங் பேட் செய்யும் இடம் அது. கடைசி மேசை என்னுடையது. ஒவ்வொரு பேடையும் பிளக்கில் செருகி மீட்டரைப் பார்ப்பேன். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது உள்ளே ஓடும் கம்பி கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பது. இரண்டையும் பெருக்கினால் பவர், எத்தனை வாட் சூடு என்பது. இருநூற்று முப்பது வோல்ட்டில் கால் ஆம்பியர் காட்டினால் தொள்ளாயிரத்து இருபது ஓம், ஐம்பத்தேழரை வாட். இதமான சூடு. தைரியமாகப் பெட்டியில் போடலாம்.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வாய் மட்டும் பழையபடியே இருந்தது. "எஞ்சினியரம்மா, என் காலு ரெண்டும் இருக்கான்னு பாரேன், பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிட்டுப் போயிருக்கப் போறான்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். முதல் வருஷம் முழுக்க வந்தது.

அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், மறுபடியும் புரட்ட வேண்டும். நடுவில் வேலைக்கும் போக வேண்டும். அவரை வெறுத்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடம் தாண்டி, எந்தத் தெரு என்றே தெரியாத தெருவில் நின்று அழுதிருக்கிறேன். அவருடைய தங்கையிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். "நீங்க இருக்கிறதாலதான் அண்ணி நாங்கல்லாம் நிம்மதியா இருக்கோம்" என்றாள். அதற்குமேல் என்ன கேட்பது?

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸிடம், ஒரு வாரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன்.

"சும்மா பாத்துக்கறதுக்கெல்லாம் பெட் தர மாட்டாங்கம்மா. புண்ணு கிண்ணு வந்தாத்தான் சேத்துப்பாங்க."

நல்ல பெண். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

முதல் தடவை நடந்தது தெரியாமல்தான். குளிர்காலம். தொட்டுப் பார்த்தால் அவர் கால் ஜில்லென்று இருந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட பேட் ஒன்றைக் கொண்டுவந்து கெண்டைக்காலுக்கு அடியில் விரித்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தோல் கொப்பளித்திருந்தது. உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடு வைக்கலாமா என்று நர்ஸ் திட்டினாள். ஆனால் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். அவரும் அங்கே நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார். பிறகு புண் ஆறிவிட்டது, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கம்பியைக் குறைத்தால் சூடும் குறையும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. கம்பி பாதியானால் ரெசிஸ்டன்ஸும் பாதி, அதனால் கரண்ட் இரண்டு மடங்கு. அரை ஆம்பியர், நூற்றுப் பதினைந்து வாட். பேடைப் பிரித்து அந்த வேலையைச் செய்தேன். என் உள்ளங்கையை வைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பார்த்துக்கொண்டேன், கண்மூடித்தனமாக எதையும் செய்யவில்லை. கணக்கு சரியாக வந்தது. சின்னப் புண், ஆழம் இல்லை. வெந்நீர்ப் பை என்று டாக்டரிடம் சொன்னேன். மறுபடியும் தூங்கினேன். மறுபடியும் அவர் வீட்டுக்கு வந்தார்.

கடைசித் தடவையும் என் கணக்கு தப்பவில்லை, லைன்தான் ஏறிவிட்டது. எங்கள் தெரு முழுக்க லேத் பட்டறைகள். அவை ஓடுகிற நாளில் வோல்டேஜ் அடங்கிக் கிடக்கும். அன்று விடுமுறை. எல்லா மெஷினும் நின்றுபோனதால் இருநூற்று அறுபது. வோல்டேஜ் ஏறினால் ஆம்பியரும் கூடவே ஏறும், இரண்டையும் பெருக்கும்போது வாட் எகிறிவிடும். நூற்று நாற்பத்தேழு. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? லைன் என் கையிலா இருக்கிறது?

இருநூற்று அறுபது என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேடைச் செருகுவதற்கு முன்னால்தான் பார்த்தேன். இந்தத் தடவை இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான். புண்ணில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி, வார்டிலேயே போய்விட்டார்.

அவருக்கு வலிக்கவே இல்லை, அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த விடுமுறை நாள் மத்தியானம் நான் பக்கத்து அறையில் தலையணையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டார்.

"ஏதோ கருகுற வாசன வருதே?"

"பால் பொங்கிடுச்சு" என்றேன்.

"பாத்து எறக்கு. கையச் சுட்டுக்கப் போற."

சரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை.