காலை ஏழு மணி அளவு

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. பெருமைக்குச் சொல்லவில்லை, மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கையில் என்னிடம் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். அதனால்தான் புவியியல் துறையில் இரண்டு எழுத்து வேலைகள் என் தலையில் விழுந்தன. ஒன்று, வகுப்பின் வருகைப் பதிவேடு; துறை அறையில் உட்கார்ந்து அதை எழுதுவது நான் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, விடுதிக்குப் பின்னால் ஓடும் எல்லை ஆற்றில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைத் தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று செய்முறை நோட்டில் குறிப்பது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கிருந்து பாலத்துச் சோதனைச் சாவடியில் அனுமதி அட்டையைக் காட்டிவிட்டு எங்கள் வகுப்புக்கு ஒருத்தி வருவாள். சாவடி ஐந்தரைக்கு மூடிவிடும். அதனால் ஐந்து அடித்ததும், பேராசிரியர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்துவிடுவாள். ‘அஞ்சு மணி’ என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் நான். அவளும் சிரித்தாள். அப்படித்தான் சிநேகமானோம்.

ஐந்து பருவத் தேர்விலும் அவள் முதலிடம், நான் இரண்டாமிடம். முதலிடத்துக்கு மட்டும் மேற்படிப்பில் இலவச இடம் ஒன்று உண்டு. என் அம்மா சொந்தக்காரர்களிடம் பேசும்போது ‘ரெண்டாவது’ என்ற சொல் வரும் இடத்தில் சரியாக இருமுவாள். நானும் அந்த முதலிடக்காரியைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்துப் பார்த்தேன். வகுப்பில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி வழிந்ததுதான் மிச்சம். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கடைசிப் பருவத்தில் அவள் அப்பா படுத்த படுக்கையானார். பதினோரு நாள் அவள் வரவில்லை. பதினோரு நாளும் வந்ததாகப் போட்டேன். அவள் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். சிநேகிதிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன்? அப்பாவின் மருத்துவச் சீட்டைக் காட்டியிருந்தாலே துறைத்தலைவர் மன்னித்திருப்பார், அது வேறு விஷயம். பருவ முடிவில் பதிவேட்டின் நகல் சாவடிக்குப் போகும், அங்கே யார் என்றைக்குப் பாலம் தாண்டினார்கள் என்று குறிக்கும் புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். நகலைக் கொண்டுபோய்க் கொடுப்பவனே நான்தான்.

கணக்கு உதைத்தது. பாலத்தைத் தாண்டாதவள் வகுப்பில் இருந்தாள் என்றால் திருட்டு வழியில் வந்திருக்க வேண்டும் என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவளுக்கு ஒரே ஒரு தேர்வு பாக்கி. நான் மிகவும் வருத்தப்பட்டேன். அன்று ஒரு வேளைதான் சாப்பிட்டேன். அதுவும் இரண்டு தட்டு.

தேர்வன்று காலை ஏழு பத்துக்கு அக்கரையிலிருந்து போன் செய்தாள். கோடையில் கரையோர ஜனங்கள் நடந்தே கடக்கும் ஆறு அது.

“ஆத்துல தண்ணி எவ்வளவுடா இருக்கு? ஒரே கலங்கலா இருக்கு, இங்கேருந்து ஒண்ணும் புரியல. நீதானே தினமும் அளக்கறே.”

“ஏன் கேக்கறே?”

“கம்மியா இருந்தா நடந்தே வந்து எழுதிட்டுப் போயிடுவேன். அதிகமா இருந்தா வேணாம். துறைத்தலைவருக்குப் போன் போட்டு, பதிவேட்டை எடுத்துப் பாருங்க, யாரோ தப்பாப் போட்டிருக்காங்கன்னு சொல்லப்போறேன்.”

யாரோ என்றாள், ஐயா. மூன்று வருடம் என் நோட்டை வாங்கிப் படித்தவள். பதிவேட்டைப் பிரித்தால் முதல் வரியிலேயே என்னை அடையாளம் கண்டுகொள்வாள்.

“முழங்கால் அளவுதான். பயப்படாம வா.”

“நீ சொன்னா சரி.”

மறுநாள் கீழே அணைக்கட்டில் கிடைத்தாள். முதலிடம் எனக்கு வந்தது. அம்மாவின் இருமலும் நின்றுவிட்டது.

கம்பத்தைப் பார்க்காமல் அஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். என் வேலையில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை. நோட்டு உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது, அந்தத் தேதியைத் திருப்புங்கள். காலை ஏழு மணி, ஒன்பது அடி. எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன், பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.